ஒருவர் வராவிட்டாலும் ஒத்திகை நடக்கட்டும்

கேள்வி: நாங்கள் ஆறு பேர் சேர்ந்து பொழுதுபோக்காக ஓர் இசைக்குழு நடத்திவருகிறோம். எல்லோருக்கும் வேறு வேலை இருக்கிறது. இசையை நம்பி யாரும் பிழைக்கவில்லை. நான் கீபோர்டு வாசிப்பதோடு குழுவின் ஏற்பாடுகளையும் கவனித்துக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளில் மூன்று டிரம்மர்கள் வந்து போய்விட்டார்கள். பேஸ் கிட்டார் வாசிப்பவர் மிகத் திறமையானவர். ஆனால் இரண்டு ஒத்திகைக்கு ஒன்றுக்குத்தான் வருகிறார், வராத நாளில் அன்று மாலைதான் தகவல் அனுப்புகிறார். ஒருவர் இல்லாமல் வாசித்துப் பயனில்லை என்பதால் அன்றைய ஒத்திகையைத் தள்ளிப்போடுவது எங்கள் வழக்கம். சென்ற மாதம் எங்கள் பாடகியும் ‘நேரம் கிடைக்கும்போது சொல்கிறேன்’ என்று ஒதுங்கிக்கொண்டார். இத்தனைக்கும் அவர் ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. நம்பிக்கையான கலைஞர்களை எங்கே தேடுவது? எப்படிப் பார்த்து எடுப்பது? பணம் கொடுத்தால் பொறுப்பு வந்துவிடுமா? முதலில் விலகிய டிரம்மர் இப்போது திரும்பி வரலாமா என்று கேட்கிறார், சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புடையீர்,

உங்கள் கடிதத்தில் டிரம்மர்களைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். என்னை நிறுத்தி மறுபடி படிக்க வைத்தது பாடகியைப் பற்றிய வரிதான். ஒரு குழுவிலிருந்து முதலில் மனம் விட்டுப்போகிறவர் பெரும்பாலும் தாமதமாக வருகிறவராக இருப்பதில்லை. சொன்ன நேரத்துக்கு வந்து, மைக்கைப் பொருத்தி, பாடல் வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்காக முக்கால் மணி நேரம் கைபேசியைப் புரட்டிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான் போவார். போகும்போதும் சண்டை போட மாட்டார், உங்கள் பாடகி சொன்னதைத்தான் சொல்வார். நம்பிக்கையான கலைஞரை எங்கே தேடுவது என்று கேட்கிறீர்கள். அப்படி ஒருவர் உங்களிடமே இருந்தார். அவர் விலகியதற்கான காரணம் சரியாகாதவரை, புதிதாக எத்தனை நல்ல கலைஞர்களை அழைத்துவந்தாலும் அவர்களும் அதே வாசல் வழியாகத்தான் வெளியேறுவார்கள்.

அந்தக் காரணத்தை, நீங்கள் குறையென்று நினைக்காமலேயே எழுதியிருக்கிறீர்கள்: ஒருவர் வராவிட்டால் ஒத்திகையைத் தள்ளிப்போடுகிறீர்கள். வேலைக்குப் போகிற ஒருவர் ஒரு மாலையை ஒத்திகைக்கென்று ஒதுக்குவதற்குப் பின்னால் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. அலுவலகத்தில் சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்கியிருப்பார். பிள்ளையை அழைத்துவரும் பொறுப்பை வீட்டில் வேறொருவரிடம் விட்டிருப்பார். வாத்தியத்தை வண்டியில் ஏற்றியிருப்பார். அத்தனையும் செய்த பிறகு, பேஸ் கிட்டார்காரர் வரவில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று தகவல் வந்தால், உங்கள் குழு குறிக்கும் தேதி உறுதியான தேதி அல்ல என்று அவர் தெரிந்துகொள்கிறார். அடுத்த முறை அதே மாலைக்கு வேறு ஏதேனும் அழைப்பு வந்தால், எப்படியும் தள்ளிப்போகக்கூடிய உங்கள் ஒத்திகையைத்தான் அவர் விட்டுக்கொடுப்பார். அவர் வராததால் அந்த ஒத்திகையும் ரத்தாகும். அதைக் கண்டு இன்னொருவர் அதே பாடத்தைக் கற்றுக்கொள்வார். ஒருவருடைய பொறுப்பின்மையாகத் தொடங்கியது சில மாதங்களில் குழுவின் வழக்கமாகிவிடுவது இப்படித்தான். ஆகவே ஆள் தேடுவதற்கு முன்னால் ஒரு முடிவை எடுங்கள்: குறித்த நாளில், குறித்த நேரத்தில், யார் வந்தாலும் வராவிட்டாலும் ஒத்திகை நடக்கும். இதை எல்லோருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். முதல் முறை இரண்டே பேர் வந்தாலும் நடத்திக் காட்டுங்கள்.

ஒருவர் இல்லாமல் வாசித்துப் பயனில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதிலும் நீங்கள் கீபோர்டு கலைஞர். பேஸ் இல்லாத நாளில் உங்கள் இடது கை அந்த வேலையைச் செய்யலாம். மூல சுரத்தை மட்டும் சரியான அடியில் வைத்துப் போனாலே மற்றவர்களுக்குப் பிடிமானம் கிடைத்துவிடும். டிரம்மர் இல்லாவிட்டால் உங்கள் கீபோர்டிலோ கைபேசியிலோ உள்ள தாளத்தை ஓட விடுங்கள். இயந்திரத் தாளத்தோடு வாசிக்கும்போதுதான், பல்லவியில் இருந்த வேகம் சரணத்துக்கு வருவதற்குள் கூடிவிடுகிறது என்பதும், அதற்கு டிரம்மர் காரணமில்லை, ரிதம் கிட்டாரே காரணம் என்பதும் தெரியவரும். மூன்று டிரம்மர்கள் போன ஒரு குழுவுக்கு இது தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. பாடுபவர் வராத மாலையில் முன்னிசையையும் இடையிசையையும் எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் கூடியிருக்கும் நாளில் ஒருபோதும் கவனம் பெறாத வேலைகள் சில உண்டு: பாடலை எப்படி முடிப்பது, ஒரு பாடலிலிருந்து அடுத்த பாடலுக்கு எப்படிப் போவது, கிட்டாரை மாற்றிக்கொள்ளும் நேரத்தில் யார் என்ன வாசிப்பது. பொழுதுபோக்குக் குழுக்களின் மேடையில் தடுமாற்றம் தெரிவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான், பாடலின் நடுவில் அல்ல.

இப்படி ஆள் குறைந்த ஒத்திகை உருப்படியாக நடக்க வேண்டுமானால், பாடல் யாருடைய நினைவிலும் மட்டும் இருக்கக் கூடாது. தாளில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு பக்கம் போதும். மேலே பாடலின் பெயர். அதன் கீழே ‘ஏ மைனர், ஆறு கட்டை, வேகம் நிமிடத்துக்கு 92, நாலடித் தாளம்’ என்று ஒரு வரி. பிறகு வரிசை (ஒரு தாளச் சுற்று ஒரு பார்; ஹை-ஹாட் என்பது டிரம்ஸ் செட்டில் காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டு): ‘முன்னிசை 8 பார், முதல் 4 பார் கீபோர்டு மட்டும், ஐந்தாவதில் ஹை-ஹாட் சேரும். பல்லவி இருமுறை, இரண்டாவது முறைதான் பேஸ் நுழையும். இடையிசை 16 பார், பன்னிரண்டாவது பாரின் கடைசி இரண்டு அடியில் எல்லோரும் நிறுத்தம். முடிவு: பல்லவியின் கடைசி வரி மூன்று முறை, வேகம் குறையாமல், ஒரே அடியில் முடியும்.’ கார்ட்ஸ், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள், அதற்குக் கீழே. சினிமாப் பாட்டைக் கேட்டுக் கேட்டே வாசித்துப் பழகியவர்களுக்கு இது அலுவலகக் கோப்பு மாதிரி தோன்றும்; முணுமுணுப்பார்கள். ஆனால் அந்தப் பக்கத்தை வாங்கிக்கொண்ட புதியவர், வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்தால், முதல் ஒத்திகையிலேயே குழுவோடு சேர்ந்து வாசிக்க முடியும். வாத்தியம் மாறினால் மட்டும் கவனம் தேவை, ஏனென்றால் சில ஊது வாத்தியங்களில் எழுதும் சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறொன்று: விருந்தாளியாக ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஒருவர் வந்தால், மேலே சொன்ன ஏ மைனர் பாடலை அவருக்கு எஃப் ஷார்ப் மைனரில் எழுதித் தர வேண்டும், டிரம்பெட் என்றால் பி மைனரில். இதைத் தாங்கள் மறந்துவிட்டு, வந்த விருந்தாளியைக் குறை சொல்லும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாடல்கள் இப்படி நிலைபெற்ற பிறகு, ஒவ்வோர் இடத்துக்கும் மாற்று ஆள் ஒருவரைத் தயாராக வைத்துக்கொள்ள முடியும். 1964 ஜூன் 3 அன்று, பீட்டில்ஸ் குழு வெளிநாட்டுப் பயணம் கிளம்புவதற்கு முந்தைய நாள், அதன் டிரம்மர் ரிங்கோ ஸ்டாருக்குத் தொண்டைச் சதை வீங்கி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அன்றே ஜிம்மி நிக்கல் என்ற டிரம்மரை அழைத்துச் சில பாடல்களை மட்டும் ஒத்திகை பார்த்தார்கள். மறுநாள் கோபன்ஹேகன் மேடையில் அவர்தான் வாசித்தார். அவருக்கு அந்தப் பாடல்கள் முன்பே பழக்கமாக இருந்தன. குழுவும் தன் நிகழ்ச்சியில் எதை எப்படி வாசிக்கும் என்பதில் ஐயமே இல்லாமல் இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் மாற்று ஆள் என்ற ஏற்பாடு நடக்கும். உங்கள் குழுவில் மாற்று ஆளை நீங்களாகக் கொண்டுவந்து நிறுத்தினால், இருப்பவர் தன் இடம் பறிபோகிறது என்று நினைப்பார். ஆகவே அவரவர் மாற்றை அவரவரே பரிந்துரைக்கட்டும். வர முடியாத நாளில் அவருக்குச் சொல்லி, பாடல் தாளைச் சேர்ப்பிப்பதும் அவருடைய பொறுப்பாகவே இருக்கட்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வர முடியாது என்று கடைசி நேரத்தில் குழுவுக்குத் தகவல் அனுப்புவது எளிது. ஆனால் இன்னொருவரைக் கூப்பிட்டுத் தனக்காக வரச் சொல்வது கொஞ்சம் கூச்சமான காரியம். அந்தக் கூச்சத்துக்காகவே சிலர் தாமே வந்துவிடுவார்கள்.

இனி, ஆள் தேடுவதைப் பற்றி. ‘திறமையான, பொறுப்பான டிரம்மர் தேவை’ என்று எழுதினால் யாருக்கும் அது தன்னை அழைப்பதாகத் தோன்றாது. தன்னைப் பொறுப்பற்றவர் என்று நினைக்கிற கலைஞர் உலகத்தில் இல்லை. 1981இல் லாஸ் ஏஞ்சலிஸில் லார்ஸ் உல்ரிக் என்ற இளம் டிரம்மர் ஒரு விளம்பரத் தாளில் தன்னோடு வாசிக்க ஆள் தேடியபோது, டைமண்ட் ஹெட், அயர்ன் மெய்டன் போன்ற ஹெவி மெட்டல் குழுக்களின் பெயர்களைக் குறிப்பிட்டார். எப்படிப்பட்ட இசை என்பது படித்தவுடன் தெரிந்துவிட்டது. பதில் எழுதியவர்களில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஒருவர், மெட்டாலிகா என்ற புகழ்பெற்ற ஹெவி மெட்டல் குழு அங்கிருந்து தொடங்கியது. உங்கள் அறிவிப்பும் அப்படி இருக்கட்டும்: என்ன வகைப் பாடல்கள், எத்தனை பாடல்கள் தயாராக உள்ளன, மாதம் எத்தனை ஒத்திகை, எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, ஆண்டுக்கு எத்தனை மேடை, டிரம்ஸ் அங்கேயே இருக்கிறதா சுமந்துவர வேண்டுமா, சம்பளம் இல்லை என்பது. சம்பளம் இல்லை என்பதை மறைத்து அழைத்துவந்து பிறகு சொல்வதைப் போல நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை. இவ்வளவும் எழுதினால் விசாரிப்பவர்கள் குறைவார்கள், குறையட்டும். வியாழக்கிழமை வர முடியாதவர் முதலிலேயே விலகிக்கொள்வது உங்களுக்கு லாபம்.

எங்கே தேடுவது என்பதற்கு என் அனுபவத்தில் மூன்று இடங்கள் நல்ல பலன் தருகின்றன. முதலாவது, ஒத்திகை அறைகளை வாடகைக்கு விடுபவர்களும் மேடை ஒலியமைப்பாளர்களும். யார் சொன்ன நேரத்துக்கு வருகிறார், யார் மற்றவர்களை ஆம்ப் (கிட்டாருக்கான ஒலிபெருக்கிப் பெட்டி) தூக்க விட்டுவிட்டு நிற்கிறார், யார் காசு பாக்கி வைத்துப் போகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் யார் நன்றாக வாசிப்பார் என்று கேட்காதீர்கள். யாரோடு வேலை செய்வது எளிது என்று கேளுங்கள். இரண்டாவது, இசை ஆசிரியர்கள்: ஓரளவு வாசிக்கப் பழகி, ஆனால் சேர்ந்து வாசிக்க ஆளில்லாமல் இருக்கும் மாணவர்கள் அவர்களிடம் எப்போதும் உண்டு. மூன்றாவதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்: கல்லூரி நாட்களில் வாசித்து, பிறகு வேலை, திருமணம், குழந்தைகள் என்று வாத்தியத்தை உறையில் போட்டு வைத்தவர்கள். அவர்களுடைய கை கொஞ்சம் துருப்பிடித்திருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் தேறிவிடும். ஆனால் வாசிக்கும் வாய்ப்பை ஒருமுறை இழந்தவர்கள் என்பதால் கிடைத்த மாலையை வீணாக்க மாட்டார்கள். நாட்குறிப்பைப் பார்த்துச் சொன்ன தேதியில் வந்து நிற்கும் பழக்கமும் அவர்களிடம் இருக்கும். தேடும்போது தூரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வரும் சிறந்த கலைஞரைவிட, கால் மணி நேரத்தில் வந்துவிடும் நடுத்தரமானவர் உங்களுடன் நீண்ட நாள் இருப்பார்.

டிரம்மர் மட்டும் ஏன் எப்போதும் தட்டுப்பாடு என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. கிட்டார் வாங்குகிறவர் அதை வீட்டில் வாசிக்கலாம், தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் வரலாம். டிரம்ஸ் செட் ஓர் அறையை அடைத்துக்கொள்ளும், அக்கம்பக்கத்தார் பொறுக்க மாட்டார்கள், கொண்டுபோக வண்டி வேண்டும். ஆகவே டிரம்மர்களின் எண்ணிக்கையே குறைவு. சொந்த செட்டும் அதை வாசிக்க இடமும் உள்ளவரை நான்கு குழுக்கள் பங்குபோட்டுக்கொள்ளும். உங்கள் ஒத்திகை முடிந்ததும் மற்ற ஐவரும் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட, அவர் மட்டும் முக்கால் மணி நேரம் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். குழுவின் பொதுச் செலவில் பழைய செட் ஒன்றை வாங்கி ஒத்திகை இடத்திலேயே வைத்துவிடுங்கள், அல்லது செட் உள்ள அறையை மட்டுமே வாடகைக்கு எடுங்கள். டிரம்மர் தன் ஸ்னேர் (செட்டில் உள்ள சிறிய டிரம்), சிம்பல்கள், பெடல், குச்சிகள் ஆகியவற்றை மட்டும் கொண்டுவந்தால் போதும். இது மேடைகளிலும் டிரம்மர்களிடையே ஏற்கெனவே உள்ள வழக்கம்தான். உங்கள் மூன்று டிரம்மர்களும் போனதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் ஒருவராவது இதனால் போயிருப்பார் என்று பந்தயம் கட்டத் தயார்.

தேர்வுக்கு வருபவருக்கு மூன்று பாடல்களின் தாள்களையும் ஒலிப்பதிவுகளையும் ஒரு வாரம் முன்னதாகவே அனுப்புங்கள். முன்னறிவிப்பில்லாமல் வாசிக்கச் சொன்னால் அவருடைய சாமர்த்தியம் தெரியும். தயார் செய்து வருகிறாரா என்பது தெரியாது, உங்களுக்குத் தேவையானது இரண்டாவதுதான். மூன்றில் ஒன்று மிக மெதுவான பாடலாக இருக்கட்டும். நிமிடத்துக்கு 60 அல்லது 65 வேகத்தில் ஒரே நடையை ஐந்து நிமிடம் ஃபில் எனப்படும் அலங்கார அடிகள் எதுவும் போடாமல் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். வேகமான பாடலில் மறைந்துவிடும் தள்ளாட்டம் இங்கே மறையாது. பிறகு, பாடுபவர் வேண்டுமென்றே ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவட்டும். தாள்படி சரியாகவே போய்க்கொண்டிருக்கும் டிரம்மரைவிட, அரை பாருக்குள் பாடகியைப் பிடித்துக்கொள்பவரை எடுங்கள். வாசிக்காத நேரத்தையும் கவனியுங்கள்: கிட்டார்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போது இவர் ஸ்னேரைத் தட்டிக்கொண்டே இருக்கிறாரா, நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாரா? இது சிறிய விஷயமாகத் தோன்றும். மூன்றாவது மாதத்தில் அறையில் உள்ள எல்லோருடைய எரிச்சலுக்கும் இதுவே காரணமாகிவிடும்.

பேஸ் கிட்டாருக்கு வருபவரிடம் ஒரு கேள்வி அவசியம்: பேஸ்தான் உங்கள் வாத்தியமா? கிட்டார் இடம் காலியில்லை என்பதால் பேஸை எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். அவர்கள் நன்றாகவே வாசிப்பார்கள். ஆனால் எங்காவது ஒரு கிட்டார் இடம் காலியானதும் போய்விடுவார்கள். வேறு குழுக்களில் இருப்பதை மட்டும் ஒரு குறையாகக் கருத வேண்டாம். இரண்டு குழுவுக்கும் ஒரே நாளில் நிகழ்ச்சி வந்தால் எதற்குப் போவார் என்று நேரடியாகக் கேளுங்கள். ‘அந்தக் குழுவுக்குத்தான், ஆனால் ஒரு மாதம் முன்பே உங்களுக்குச் சொல்லிவிடுவேன்’ என்பவர், ‘அப்படியெல்லாம் வராது’ என்று சிரித்து மழுப்புபவரைவிட நம்பத் தகுந்தவர். எடுத்தவுடன் உறுப்பினராக்காமல், ஒரு நிகழ்ச்சி வரையிலான காலத்தை இருதரப்பும் பார்த்துக்கொள்ளும் காலமாக வையுங்கள்; அது முடிந்ததும் பேசாமல் விட்டுவிடாமல், உண்டா இல்லையா என்பதைச் சொல்லிவிடுங்கள்.

பணம் கொடுத்தால் பொறுப்பு வருமா என்ற கேள்விக்கு, சம்பளம் வாங்கிய கலைஞர்களின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. சுமார் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் லண்டனில் இசை நடத்துநர் ஹென்றி வுட் நடத்திய குவீன்ஸ் ஹால் ஆர்க்கெஸ்ட்ராவில், கூடுதல் ஊதியமுள்ள வேறு வேலை கிடைத்தால் கலைஞர்கள் ஒத்திகைக்குத் தங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பிவிடுவது வழக்கமாக இருந்தது. ஒத்திகையில் இருந்தவர் ஒருவர், கச்சேரியில் வாசிப்பவர் வேறொருவர். இனிப் பதிலாள் கூடாது என்று தடை விதித்தவுடன் ஏறத்தாழ நாற்பது பேர் வெளியேறி, தாங்களே நிர்வகிக்கும் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கி, 1904 ஜூன் 9 அன்று முதல் கச்சேரியையும் நடத்திவிட்டார்கள். பணத்துக்காக வருபவர் அதைவிட அதிகப் பணத்துக்காகப் போவார் என்பது ஒன்று. பதிலாள் முறையை அடியோடு தடுத்தால் ஆட்களையே இழக்க நேரிடும் என்பது மற்றொன்று. மாற்று ஆளுக்கு நான் மேலே சொன்ன நிபந்தனைகளை வைத்ததும் அதனால்தான். உங்கள் குழுவில் ஒருவருக்கு மட்டும் பணம் கொடுக்கத் தொடங்கினால், மற்ற ஐவரும் இலவசமாக உழைப்பதாக அன்றுதான் முதன்முதலில் உணர்வார்கள். உறுப்பினர் எவருக்கும் சம்பளம் வேண்டாம். அறை வாடகை, வண்டிச் செலவு, கம்பிகள், கேபிள்கள் எல்லாம் பொதுக் கணக்கில் சமமாகட்டும். நிகழ்ச்சியில் தொகை கிடைத்தால் செலவு போக மீதியைச் சமமாகப் பிரித்து, கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு அவசரமாக அழைத்துவரும் வெளிக்கலைஞருக்கு மட்டும், ஒரு ஒத்திகையும் சேர்த்துப் பேசிய தொகையைக் கொடுங்கள்; அதையும் முன்கூட்டியே குழுவில் சொல்லிவிடுங்கள். நீங்களே இயற்றிய பாடல்கள் இருந்தால், யாருடைய பெயரில் எவை என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இருப்பவர்கள் நீடிக்க வேண்டுமானால் ஒத்திகையின் அமைப்பையும் மாற்ற வேண்டும். ஆறு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லாதீர்கள். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு மூன்றும் முதல் ஒரு மணி நேரத்தில் புதிய பாடலின் நடையைச் சரிசெய்யட்டும். கிட்டாரும் பாடுபவர்களும் அதன்பின் வரட்டும். இந்த ஒரு மாற்றத்தால் பாடகியின் காத்திருப்பு முழுவதும் நீங்கிவிடும். அன்று எடுக்கப்போகும் பாடல்களின் பட்டியலை மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். தன் பகுதியை வீட்டில் கற்றுக்கொண்டு வர வேண்டும், சேர்ந்து வாசிப்பதற்கு மட்டுமே ஒத்திகை என்பது எல்லோருக்கும் பழக்கமாகட்டும். சொன்ன நேரத்தில் முடிப்பதும் சொன்ன நேரத்தில் தொடங்குவதைப் போலவே முக்கியமானது. ஒன்பது மணிக்கு முடியும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவரைப் பத்தரைக்கு அனுப்பினால், அடுத்த வாரம் அவருக்கு வீட்டில் அனுமதி கிடைக்காது. மேடைத் தேதி ஒன்று எப்போதும் முன்னால் இருக்கட்டும், சிறிய மேடையாக இருந்தாலும் சரி. தேதி இல்லாத குழுவில் ஒத்திகைக்கு வராமல் இருப்பதால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை.

சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாடுபவர்கள் வெளியில் சொல்லாத குறை அதுதான். சிறிய அறையில் டிரம்ஸ் ஓங்கினால் கிட்டார் ஆம்பைக் கூட்டுவார், கீபோர்டும் கூடும், பாடகி தன் குரல் தனக்கே கேட்காமல் கத்திப் பாடி, மறுநாள் தொண்டைக்கட்டோடு வேலைக்குப் போவார். வேலையிடப் பாதுகாப்புக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க அளவுகோலின்படி, 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அதாவது 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். மூடிய அறையில் வாசிக்கும் குழு அந்த அளவை எளிதாகத் தொட்டுவிடும். முதலில் பாடுபவரின் மைக்கை அவருக்கு வசதியான அளவில் வைத்துவிட்டு, மற்ற எல்லா வாத்தியங்களும் அதற்குக் கீழே அடங்கி வாசிப்பது என்ற விதியை வையுங்கள். பாடலின் கட்டையையும் மூலப் பதிவைப் பார்த்து முடிவு செய்யாமல் பாடுபவரின் குரலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டிரம்மருக்குக் காதடைப்பானும் கனம் குறைந்த குச்சிகளும் வாங்கிக்கொடுங்கள்.

உங்கள் பேஸ் கிட்டார் கலைஞரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். குழுவின் பொதுச் செய்தியில் அவரைச் சாடுவது எதற்கும் உதவாது. வரவில்லையே என்று பழைய கணக்கைத் திறக்காமல், அடுத்த மூன்று மாதத்துத் தேதிகளை அவர் முன்னால் வைத்து, எவற்றுக்கு நிச்சயம் வர முடியும் என்று அவரையே குறித்துத் தரச் சொல்லுங்கள். பாதித் தேதிகளைத்தான் குறிப்பார் என்றால், அதுவே அவரால் தர முடிந்த அளவு. அப்போது அவரை மேடைக்கும் அதற்கு முந்தைய இரண்டு ஒத்திகைக்கும் மட்டும் வருபவராக வைத்துக்கொண்டு, மற்ற நாட்களுக்கு இன்னொரு பேஸ் கலைஞரைச் சேர்க்கலாம். குறித்துக் கொடுத்த தேதிகளுக்கும் வராவிட்டால், மேடையில் எவ்வளவு பளபளப்பாக வாசித்தாலும் அவரை விட்டுவிடுங்கள்.

பழைய டிரம்மர் விஷயத்தில், அவர் ஏன் போனார் என்பதை நீங்கள் எழுதவில்லை; அவரிடமே கேளுங்கள். சுமையோ, காத்திருப்போ, ரத்தான ஒத்திகைகளோ காரணமென்றால், அவற்றைச் சரிசெய்த பிறகு அவரை அழைப்பதில் தவறில்லை; உங்கள் பாடல்கள் தெரிந்த ஒருவர் கிடைப்பது சுலபமல்ல. உறுப்பினர்களில் ஒருவரோடு மனக்கசப்பு என்றால், அந்த நபரின் சம்மதம் இல்லாமல் சேர்க்காதீர்கள். எப்படியானாலும் முதலில் மாற்று டிரம்மராக இரண்டு மாதம் வரட்டும். ஆனால் அவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் பாடகியைத் தொலைபேசியில் அழையுங்கள். செய்தி அனுப்ப வேண்டாம். திரும்பி வாருங்கள் என்று கேட்காமல், ஒத்திகை எந்தக் கிழமை, அவர் எத்தனை மணிக்கு வந்தால் போதும், எத்தனை மணிக்கு முடியும் என்பதை மட்டும் சொல்லி, ஒரே ஒரு ஒத்திகைக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். அன்று சரியான நேரத்துக்குத் தொடங்கிவிடுங்கள்.